ஸ்பானிஷில் வாப்பாவின் பெயர்

காலை எட்டே கால் மணி. முதலில் கண்ணில் பட்டது, கதவிடுக்கில் தபால்காரர் நீட்டிய பழுப்பு உறை. உள்ளே வாப்பாவின் கடிதமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன.

வாப்பா பனாமா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு சிந்திக்காரரின் துணிக்கடையில் வேலை. பழவேற்காட்டில் சொந்தங்களோடு இருந்த எங்களை, வியாபாரத்துக்கு ரயில் வசதி என்று கும்மிடிப்பூண்டியில் குடிவைத்தவர் அவர்தான். அவர் போன பிறகு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் பெரும்பாலும் தபால்காரர் மட்டுமே.

பனாமாவில் கப்பலை விட்டு இறங்கும்போது அதிகாரி ஸ்பானிஷில் கேள்வி கேட்பார், உம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் தேறிவிட்டதாக எழுதினால் டிக்கெட் அனுப்புகிறேன் என்று வாப்பா எழுதியிருந்தார்.

நோட்டில் இருபது கேள்விகளும் பதில்களும், கடைசிப் பக்கங்களில் வீட்டில் புழங்கும் சொற்களும். எங்கள் வீடுகளில் தமிழை அரபு எழுத்தில் எழுதுவது வழக்கம். ஸ்பானிஷையும் அப்படியே எழுதி, பக்கத்தில் அர்த்தம் குறித்திருந்தார். உம்மாவுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அவள் வாசிப்பாள், அண்ணனும் நானும் திருப்பிச் சொல்வோம். தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு விளக்கு வைக்கும்வரை பாடம். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அண்ணன் அதிகாரியாக இருப்பான்.

ஏழாவது கேள்வியில் நின்றோம். உன் கணவர் பெயர் என்ன?

"எல் பாத்ரே தெ மிஸ் இஹோஸ்," என்றாள் உம்மா. என் பிள்ளைகளின் தகப்பனார். மற்ற பாடங்களிலிருந்து அவளே சேர்த்துக்கொண்ட பதில்.

"இன்னா உம்மா, பேரு கேட்டா உறவு சொல்றே? ஆபீசர் அடுத்த கப்பல்லயே திருப்பி அனுப்பிடுவான்," என்றான் அண்ணன்.

"புருஷன் பேர எவளாவது சொல்லுவாளாடா? நீ பக்கத்துலதானே நின்னுகினு இருப்பே, நீயே சொல்லு."

"உன்னத்தான் கேப்பான்."

"அப்ப நான் ஊமைன்னு சொல்லிடு."

"ஊமைக்கு எதுக்கு உம்மா இருபது கேள்வி?" என்றேன் நான். அவளும் சிரித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. தேறிவிட்டதாகப் பொய் எழுத அவள் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் மதியம் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தேன். சமையலறையில் சுவரைப் பார்த்து நின்று கேள்வியும் பதிலும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் பெயரை அவள் குரலில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான்கு முறை சொன்னாள். நான்காவது முறை குரல் நடுங்கவில்லை. அவள் முடிக்கும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.

அன்று மாலை டிரங்குப் பெட்டிமேல் இருந்த அதிகாரியிடமும் சொன்னாள். அண்ணன் கேலி செய்யவில்லை. மறுநாளே கடிதம் போயிற்று.

பதில் வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் உப்பு கேட்பதும் கதவைச் சாத்தச் சொல்வதும் ஸ்பானிஷில் ஆகிவிட்டது. அந்த ஊரில் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் புரியாத பேச்சு.

பதிலை உம்மாதான் பிரித்தாள். கடையில் இன்னொரு ஆள் வேண்டுமாம், மற்றதைப் பிறகு பார்க்கலாமாம். உறையில் ஒரே ஒரு கப்பல் டிக்கெட் இருந்தது. அது அண்ணனுக்கு.