மூன்று மணி நேரம் உருண்ட ஜாடி

மலையடிவாரத்தில் வெள்ளைக்கல்லைப் பவுடராக்கும் மில் ஒன்றின் லேபில் நான் சேர்ந்த புதிது. கல்லோடு கிளைக்கால் என்ற ரசாயன மருந்து இரண்டு சொட்டு விட்டு அரைத்தால் மாவு இன்னும் நைசாக வரும் என்று மேனேஜரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கல்லுக்கு எதுக்கு மருந்து, கண்ணு? சரி, திங்கக்கெழம காட்டு, பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லேபில் கரண்ட் இல்லை. விடுவேனா? கல்லை அரைத்துப் பார்க்கும் சோதனை ஜாடியையும் அதை உருட்டும் சின்ன மோட்டாரையும் சாக்கில் கட்டி, மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் நாகலூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

"ஏனுங்க, ஐஸ்கிரீம் கடை போடறீங்களா?" என்றார் கண்டக்டர்.

வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா. ஒரு மாதக் குழந்தை தூங்குவதே இல்லை; அதனால் அக்காவுக்கும் தூக்கமில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

முதலில் மருந்தில்லாமல் ஒரு மணி நேரம், பிறகு மருந்தோடு ஒரு மணி நேரம். இதுதான் திட்டம். ஸ்விட்சைப் போட்டதும் ஜாடிக்குள் கல்லை நொறுக்கும் இரும்புக் குண்டுகள் கடகடத்தன. குழந்தை வீறிட்டது.

"ஊட்டுக்குள்ளயே மில்லு ஓட்டற! நல்லா இருப்ப."

"கொஞ்சம் பொறுக்கா."

கொஞ்ச நேரத்தில் கடகட ஓசை மந்தமாகி, தும்தும் என்று மாறியது. புதிதாக உடைந்த கல்துகள் எதிலாவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மாவு குண்டுகள்மேல் அப்பி மெத்தை போட்டுவிடும். அப்புறம் கல் எங்கே உடைவது? மருந்து அப்படி ஒட்டவிடாது. உற்சாகமாக நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், அந்தத் தும்தும் சத்தத்தில் குழந்தை தூங்கியிருந்தது. சுவரில் சாய்ந்தபடி அக்காவும்.

ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்தினேன். குழந்தை முகம் சுளித்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே, "நிறுத்தாத சாமி" என்றாள்.

மருந்து விட்டால் மறுபடி கடகடக்கும். இதையே நிறுத்தாமல் ஓட்டினாலோ மோட்டார் தாங்காது. அப்புறம் மருந்தோடு இரண்டாவது அரவைக்கு வழியில்லை. மருந்துச் சீசாவைப் பைக்குள் வைத்துவிட்டு, பழைய மாவையே ஓடவிட்டேன். பனி உள்ளே வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு அக்காவின் காலைப் போர்த்தினேன்.

மூன்றாவது மணி முடிவில் மோட்டார் தீய்ந்த வாசனையோடு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அசையவில்லை.

ஜாடியைத் திறந்தேன். மாவு அதன் உட்சுவரோடு அடையாக இறுகியிருந்தது. மேனேஜரிடம் காட்ட இதுதான் மிச்சம். மர அகப்பையை எடுத்து, சத்தம் வராமல் சுரண்ட ஆரம்பித்தேன்.