முழங்கை பார்த்தவள்

எட்டு வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. முழங்கை பார்க்கும் பதவி. ராஜபாளையத்துக்கு வெளியே அப்பா லோடுமேனாக இருந்த பேண்டேஜ் துணி கம்பெனியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆண்கள் கூடிக் கை மடக்கிப் பலம் பார்ப்பார்கள். துணி மடிக்கிற உயரமான மேஜைதான் களம். ஊன்றுகிற கை வலிக்காமல் இருக்க, கழிவுப் பஞ்சை அடைத்துத் தைத்த சின்னத் திண்டு ஆளுக்கு ஒன்று. போட்டி நடக்கும்போது முழங்கை அந்தத் திண்டைவிட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் தப்பாட்டம். இதைப் பார்ப்பதற்காகக் குனிந்து குனிந்து பெரியவர்களுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்த நேரத்தில்தான், அப்பாவோடு ஒட்டிக்கொண்டு போயிருந்த என் கண் மேஜை மட்டத்துக்குச் சரியாக இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். குள்ளமாக இருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

வேலையை நான் மிகவும் கண்டிப்பாகச் செய்தேன். நூல் அளவு முழங்கை எழுந்தாலும் "தூக்கிட்டாக!" என்று கத்துவேன். ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மீசை வைத்த ஆண்கள் என் ஒரு சத்தத்துக்குக் கையை விடுவது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு அதைவிடப் பெருமை. என் மக கண்ணு கண்ணு இல்லலே, தராசு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உண்மையில் அங்கே கை மடக்கிய நேரத்தைவிட வாயடித்த நேரம்தான் அதிகம். எடைக்கு எடை பார்த்தால் யார் பெரிய பலசாலி என்பதுதான் ஓயாத வழக்கு. அதைக் கிளப்பிவிட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பேல் பேலாகக் கட்டிய துணியை நிறுக்கிற தராசில் எல்லோரையும் ஏற்றி நிறுத்தி, எண்பத்துநாலு கிலோ உள்ளவன் அறுபது கிலோ உள்ளவனை மடக்குவது ஒரு வெற்றியா என்று கேட்பார். தன் போனில் வெளிநாட்டுப் போட்டிகளைக் காட்டுவார். ஒரு ஒல்லி ஆள் மலை மாதிரி இருப்பவனின் கையைச் சாய்ப்பதைப் பத்துத் தலைகள் ஒன்றாகக் குனிந்து பார்க்கும். எடைக்கு எடை உலகத்திலேயே இவன்தான் என்று மாமா முடிப்பதற்குள், வயதில் மூத்த லோடுமேன் தாத்தா ஒருவர், "எறும்பு தன் எடைக்கு எம்புட்டுத் தூக்குது தெரியுமாலே? அதுக்குக் கொண்டுபோய்க் கப்பைக் குடுங்க" என்பார். அதோடு அன்றைய வழக்கு ஒத்திவைக்கப்படும்.

எண்பத்துநாலு கிலோ என்று மாமா சொன்னது என் அப்பாவைத்தான். மாமா ஐம்பத்தேழு. அந்தக் கம்பெனியில் அப்பா கை சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பலம் என்றால் பலம், அதற்கு எதற்குக் கணக்கு என்பது அப்பாவின் கட்சி. மாமாவோ விரல்களை மேலே மேலே ஏற்றிப் பிடித்து, எதிராளியின் மணிக்கட்டை முதலில் மல்லாத்திவிட்டுப் பிறகு இழுப்பார். அது கள்ளத்தனம் என்பார் அப்பா. "மணிக்கட்டைத் திருப்புறது வித்தை, அத்தான். மொழங்கையைத் தூக்குறதுதான் களவு" என்பார் மாமா. இருவரும் சிரித்துக்கொண்டுதான் சண்டை போடுவார்கள். அம்மாவின் வீட்டாரில் அப்பாவுக்கு உண்மையாகவே பிடித்த ஒரே ஆள் மாமாதான்.

புதிதாகக் கை வைக்க வருகிறவர்களுக்கு மாமா முதலில் ஒன்று சொல்லிக்கொடுப்பார். என்ன நடந்தாலும் சரி, கண் உன் கையைவிட்டுப் போகக் கூடாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் தோளும் கூடவே திரும்பும். கை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுத்தால், நடுவில் இருக்கிற எலும்பு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். அப்படி ஒடிந்ததைப் போனில் ஒரு தடவை காட்டவும் செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் மாமா போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகியிருந்தார். விருதுநகரில் உடற்தகுதித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அதில் கயிறு ஏற வேண்டும். அதற்கு முன் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தவறிவிட்டது. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, இனி எழுத முடியாது. வத்திராயிருப்பில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். வேலை உத்தரவு கைக்கு வரட்டும், தட்டு மாற்றிக்கொள்வோம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டுப் புளியமரத்தில் கயிற்றைக் கட்டிப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் மாமா குரங்கு மாதிரி ஏறி இறங்குவார். தேர்வு முடிகிற வரைக்கும் எந்த மேஜையிலும் கை வைக்கக் கூடாது என்று அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆடிப்பூரத் தேருக்கு எங்களை அழைத்துப்போகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா கம்பெனியில் இருப்பதாக அம்மா சொல்லவும், கூப்பிட்டு வருகிறேன் என்று அங்கே வந்து நின்றார். மச்சினன் வந்துவிட்டான், எடைக்கு எடை வழக்கை இன்றைக்குத் தீர்த்துவிடலாம் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மாமா இரண்டு தடவை மறுத்தார். அக்காவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "பயமா இருந்தா வேணாம் மாப்ள. ஆனா போலீஸ்ல பயப்படாத ஆளாப் பாத்துத்தான் எடுப்பாக" என்றார். அப்பா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சிரித்தபடியே சட்டைக் கையை மடித்தார்.

நான் என் இடத்தில் போய் நின்றேன். மூத்த லோடுமேன் தாத்தா இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, நேராக்கி, விட்டார்.

செத்த நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அப்பாவின் மணிக்கட்டு மெல்ல மெல்ல மல்லாந்தது. மாமாவின் விரல்கள் ஏறிவிட்டன. சுற்றி நின்றவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்து, வாய் கோணி, என் அப்பா மாதிரியே இல்லை. அவர் கை மேஜையை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அப்பாவின் முழங்கை திண்டைவிட்டு எழுந்தது.

நூல் அளவு இல்லை, இரண்டு விரல் அளவு. திண்டுக்கும் முழங்கைக்கும் நடுவே அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதுகூடப் பொய், நான் விடவில்லை. இப்போது இறக்கிவிடுவார், இதோ இறக்கிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். எழும்பிய முழங்கையின் பலத்தில் அப்பா கை நிமிர்ந்து, மறுபக்கம் சாய்க்கத் தொடங்கியது. மாமாவின் முகம் கையைவிட்டு என் பக்கம் திரும்பியது. மூச்சு முட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது.

மாமா கத்தவில்லை. தொங்கிய கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்பாதான் ஐயோ ஐயோ என்று கத்தினார். கம்பெனி முழுவதும் பேண்டேஜ் துணி மலை மலையாக அடுக்கிக் கிடந்தது. அதில் எதை எடுத்து எப்படிக் கட்டுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாத்தாவும் உறவினர் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை எப்படி முகத்தைத் திருப்புவான், இதில் என்னவோ களவு நடந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, தாத்தா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். "நீதான மொழங்கை பாத்த? ஒங்கப்பன் தூக்குனானா, இல்லையா? சொல்லுட்டி" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

கண்ணை மூடிப் படுத்திருந்த மாமாதான் பேசினார். "அத்தான் தூக்கல. பஞ்சு பறந்து என் கண்ணுல விழுந்துச்சு, நாந்தான் திரும்பிட்டேன். சின்னப்புள்ளகிட்டப் போயி என்னத்தக் கேக்கிய?"

தாத்தா என் கையை விட்டார்.

மதுரையில் வைத்து எலும்புக்குப் பிளேட் வைத்தார்கள். விருதுநகரில் தேர்வு நடந்த அன்று மாமா கட்டுப்போட்ட கையோடு எங்கள் வீட்டில் படுத்திருந்தார். புளியமரத்துக் கயிற்றைத் தாத்தா அவிழ்த்துவிட்டார். வத்திராயிருப்பிலிருந்து பொறவு சேதி எதுவும் வரவில்லை. அப்பா அதற்குப் பிறகு எந்த மேஜையிலும் கை வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட சைக்கிளில் கூட்டிப்போகும்போது, முன்னால் பார்த்தபடியே, "அன்னைக்கு நான் தூக்குனேனா, பாப்பா?" என்று கேட்டார். வேகத்தில் அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. இல்லப்பா என்றேன். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டே போனார்.

மாமா காக்கி போடத்தான் செய்தார், கல்லூரிப் பேருந்து ஓட்டுநரின் காக்கி. நான்கு வருடம் கிருஷ்ணன்கோவிலுக்கு அந்தப் பேருந்தில்தான் நான் படிக்கப் போனேன், அவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில். நீளமான தழும்போடு அந்தக் கை கியர் போடுவதைத் தினமும் பார்ப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். கல்லூரி வந்துவிடும்.

கடைசி வருடத்தில் ஒரு நாள், தழும்பைப் பார்த்து ஒரு பையன் கதை கேட்டான். மாமா சந்தோஷமாகவே சொன்னார், எடைக்கு எடை வழக்கில் ஆரம்பித்து எலும்பு ஒடிந்தது வரைக்கும். கையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்தீர்கள் அண்ணே என்று அவன் கேட்டான்.

"பஞ்சு தம்பி. கண்ணுல பஞ்சு விழுந்துருச்சு" என்றார்.

கை ஒடிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மிஷின் எதுவும் ஓடவில்லை. பஞ்சு பறக்க வழியே இல்லை. பேருந்தின் அந்த இரைச்சலுக்குள் எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழங்கை எழுந்ததைக் கவனிக்காதவர், முழங்கை பார்க்கிறவள் பக்கம் எதற்காகத் திரும்ப வேண்டும்? நான் கத்துவேன் என்று அவர் காத்திருந்தார். ஆட்டம் நின்றுவிடும் என்று நம்பித்தான் கையைவிட்டுக் கண்ணை எடுத்தார்.

எட்டு வயதில் இது எனக்குப் புரியவில்லை. மாமா எதையும் பார்க்கவில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, புள்ள மத்தியானத்துல இருந்து ஒண்ணும் திங்கல, ஏதாச்சும் வாங்கிக் குடுங்க என்று மாமா சொல்ல, யாரோ ஒரு பன் வாங்கிவந்து கொடுத்தார்கள். வாசல் படியில் உட்கார்ந்து அதை முழுவதும் தின்றேன். நல்ல பசி.