பைக்குக்கு ஊத்தின போட் ஒயில்

அந்த ஃபக்டரி பூட்டுப்பட்ட செய்தியை எங்கட வீட்டில முதல் வாசிச்சது நான்தான். அப்ப கம்பஸ் ரெண்டாம் வருசம். பஸ்ஸுக்குள்ள தொங்கிக்கொண்டு ஃபோன் நோண்டேக்க கண்ணில பட்டது. இந்தியாவில எங்கயோ ஒரு ஊரில, அப்பா 'மாடு' எண்டு கூப்பிடுற அவற்ற பைக்கைச் செய்யிற ஃபக்டரி வேலையை நிப்பாட்டியாச்சாம். பூட்டின கேற்றுக்கு முன்னால வேலையாக்கள் சும்மா நிக்கிற படமும் போட்டிருந்தாங்கள். எனக்குச் சிரிப்பு. வீட்ட வந்து ஃபோனை அப்பான்ர முகத்துக்கு முன்னால ஆட்டி, "அப்பா, உங்கட மாட்டின்ர தாய் செத்துப்போச்சு. முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு ஃபாதரிட்டச் சொல்லி வையுங்கோ" எண்டனான்.

அப்பா சிரிக்கேல்லை. "அப்ப சாமான்?" எண்டு மட்டும் கேட்டவர்.

"சாமான் வரும் அப்பா. டூப்ளிக்கேற் அடிச்சு விடுவாங்கள். சும்மா பயப்பிடாதேங்கோ."

எனக்குத் தெரியாத விசயம் உலகத்தில இல்லை எண்ட நினைப்பில திரிஞ்ச காலம் அது.

அப்பா ஏன் பயந்தவர் எண்டு சொல்லவேணும். நாங்கள் தீவுப்பக்கம், கரம்பொன். கடல்தொழில்தான் பரம்பரை. சித்தப்பான்ர போட்டில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வலை இழுத்தவை. ஒரு நாள் இழுக்கேக்க அப்பான்ர இடது தோள்மூட்டு கழண்டுது. கட்டுப்போட்டு ஆறினோடன திரும்பவும் போனவர், திரும்பவும் கழண்டுது. மூண்டாம் தரமும் கடலுக்க வச்சுக் கழண்டால் இந்தக் கையை மறந்துபோடுங்கோ எண்டு டொக்டர் மூஞ்சைக்கு நேர சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகுதான் பைக் வந்தது. செக்கண்ட் ஹாண்ட், பெற்றோலுக்குள்ள ஒயில் கலந்து ஊத்திற பழைய டூ ஸ்ட்ரோக். விடிய ஊர்காவற்துறையில மீன் எடுத்து, பின்னால ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலணை முழுக்கச் சுத்தி வித்துப்போட்டு மத்தியானம் வீட்ட வருவார். பைக் ஓடினால் அப்பா கடலுக்குப் போகத் தேவையில்லை. எங்கட வீடு முழுக்க நிண்டது அந்த ஒரு வசனத்திலதான்.

நான் சொன்ன டூப்ளிக்கேற் கொஞ்சக் காலம் வந்தது உண்மை. பேந்து டொலர் இல்லாமல் நாட்டுக்குள்ள ஒண்டுமே வராத காலம். அதுவும் முடிஞ்சு எல்லாச் சாமானும் வரத் தொடங்கேக்க இந்த மொடலுக்கு மட்டும் வரேல்லை. எங்கட பக்கத்தில அந்த மொடல் ஏழெட்டு ஓடினது. ஒண்டு படுத்தால் மற்றதுகளுக்கு அதைக் கழட்டிப் பூட்டுவினம். அப்பிடியே ஒவ்வொண்டாப் படுத்து, கடைசியில எங்கட மட்டும்தான். கராஜ் அண்ணை எப்பவும் சொல்லுவார், "இதுக்கு இனிப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, மரணச் சான்றிதழ் மட்டுந்தான்."

சரி, இப்ப என்ர கதைக்கு வாறன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா பூசைக்கு வெளிக்கிடேக்க, "பிள்ளை, நாளைக்கு பெற்றோல் கலந்து ஊத்தி வை" எண்டுட்டுப் போனவர். நான் டிகிரி முடிச்சு வேலை இல்லாமல் வீட்டில குந்தியிருக்கிறன், அதையாவது செய்வம் எண்டு எழும்பினன். பாத்தால் பைக் ஒயில் போத்தல் வெறும் போத்தல். ஞாயிறு, கடை பூட்டு. பக்கத்து வளவு சித்தப்பான்ர. அங்க போட் எஞ்சினுக்குக் கலக்கிற ஒயில் கான் ரெண்டு மூண்டு இருந்தது. அதிலயும் டூ ஸ்ட்ரோக் எண்டுதான் எழுதியிருக்கு. யூடியூப்பில ஒரு வீடியோ தட்டினன், அரைவாசி கூடப் பாக்கேல்லை. ஒயில் எண்டால் ஒயில்தானே. ஒரு கானைத் தூக்கிக்கொண்டு வந்து கலந்து ஊத்திப்போட்டு, கானை அப்பிடியே பைக்குக்குப் பக்கத்தில வச்சிட்டுப் போய்ப் படுத்திட்டன்.

அடுத்த நாள் வேலணை றோட்டில, பெட்டி நிறைய மீனோட, நல்ல வெயிலுக்க, எஞ்சின் இறுகி நிண்டுட்டுது. அப்பா கராஜ் மட்டும் தள்ளிக்கொண்டு போனவர். அந்தத் தோளோட.

பின்னேரம் நான் கராஜுக்குப் போனன். அப்பா தேத்தண்ணி குடிக்க எதிர்க் கடைக்குப் போயிருந்தார். அண்ணை பிஸ்டனைக் கையில வச்சுக்கொண்டு என்னைப் பாத்தவர். அது முழுக்கக் கீறல், ஒரு பக்கம் உருகி அப்பியிருந்தது.

"என்ன ஒயில் ஊத்தினது?"

"அது... சித்தப்பான்ர போட் ஒயில்."

"ஆர் ஊத்தினது? கொப்பரோ?"

"நான்தான் அண்ணை."

"கடவுளே! நீர் என்ன படிச்சனீர்?"

"மனேஜ்மென்ட்."

"நல்லா மனேஜ் பண்ணியிருக்கிறீர்! போட் எஞ்சினுக்குள்ள தண்ணி ஓடிக்கொண்டிருக்கும், சூடு ஏறாது. இது காத்தில ஆறுற எஞ்சின். போட் ஒயில் இந்தச் சூட்டுக்கு நிண்டு பிடிக்காது. பிஸ்டன் இனி எங்க கிடக்கு? நீர் செய்து தருவீரோ?"

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், அப்பாட்டச் சொல்லாதேங்கோ."

அவர் பழந்துணியைத் தூக்கி என்ர பக்கம் எறிஞ்சவர், ஆனா அப்பாட்டச் சொல்லேல்லை. அப்பா வந்து கேக்க, "பழசாப் போச்சு அண்ணை, ஒயிலும் குறைஞ்சு ஓடியிருக்கு" எண்டு சமாளிச்சவர். அப்பா தலையை ஆட்டினவர். தான் முந்திக் குறைச்சுக் கலந்ததால வந்த பிழை எண்டு நினைச்சிட்டார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்.

அண்டையில இருந்து நான் மனுசியா இல்லை. யாழ்ப்பாணம் ரவுணில இருக்கிற பார்ட்ஸ் கடை ஒண்டு விடேல்லை. எல்லாக் கடையிலயும் ஒரே சிரிப்பு. "அந்த ஃபக்டரியே இல்லை தங்கச்சி." முகப்புத்தகத்தில இருக்கிற பைக் குறூப் எல்லாத்திலயும் போட்டன். அங்க அப்பா கால்மிதி சைக்கிளில அரைப் பெட்டி மீனோட போய்க்கொண்டிருந்தார். வலது கையால மட்டும் பிடிச்சு ஓடேக்க ஹாண்டில் இழுபடும். தூர இருக்கிற வீடுகளுக்குப் போக ஏலாது. அந்த வீடுகளை புதுப் பைக் வச்சிருக்கிற ஒருத்தன் பிடிச்சிட்டான். சித்தப்பா வேலிக்கு மேலால தலையை நீட்டி, "அண்ணை, ஏன் சும்மா கஷ்டப்படுறியள், போட்டுக்கு வாங்கோவன்" எண்டு கேக்க, அம்மா குசினிக்குள்ள சட்டியைப் போட்டு உடைச்சவ. கை வழுக்கினது எண்டு சொன்னவ.

கடைசியா அனலைதீவில இருந்து ஒரு பொடியன் மெசேஜ் போட்டான், தங்கட பக்கத்து வீட்டில அதே மொடல் நிக்குதெண்டு. போட் ஏறிப் போனன். நிண்டது. கோழிக் கூட்டுக்குள்ள. வீட்டுக்கார அக்கா கதவைத் திறந்து காட்டினவ. சீற்றுக்கும் சுவருக்கும் இடையில வைக்கோலை வச்சு, பேட்டுக் கோழி ஒண்டு அடை கிடக்குது.

"தாறன் பிள்ளை, மனுசன் வெளிநாட்டில, அந்தாளுக்கு இனி இதென்னத்துக்கு? ஆனா குஞ்சு பொரிக்கட்டும், பிறகு வந்து கழட்டு."

"அக்கா, நான் பேட்டை மெதுவாத் தூக்கி வைக்கிறனே."

"தூக்கினால் முட்டையை விட்டுட்டு எழும்பிப் போயிடும். உன்னை ஆரும் அடையில இருந்து தூக்கினால் நீ இருப்பியோ?"

இன்னும் பன்ரெண்டு நாளாம். பன்ரெண்டு நாளும் அப்பா சைக்கிள் மிதிச்சார். நான் ஒவ்வொரு நாளும் அந்த அக்காவுக்கு கோல் எடுத்து கோழியைச் சுகம் விசாரிச்சனான். என்ர வாழ்க்கை ஒரு பேட்டின்ர பின்பக்கத்தில தங்கியிருந்தது. சத்தியமாச் சொல்லுறன், அது பொரிச்ச அண்டைக்கு நான் அழுதனான்.

கோழிக்கூட்டுப் பைக்கின்ர பிஸ்டனும் புளொக்கும் நல்லா இருந்தது. கராஜ் அண்ணை பூட்டி ஸ்ராட் பண்ணினார். அந்தப் புகை மணத்துக்கே அப்பா சிரிச்சவர். அண்ணை சாவியைக் குடுக்கேக்க என்னை ஒரு பார்வை பாத்துட்டு, அப்பாட்டச் சொன்னவர், "அண்ணை, இனி இந்த உலகத்தில பிஸ்டன் இல்லை. ஒயில் விசயத்தில கவனம்."

அதை எனக்குத்தான் சொன்னவர். ஆனா காதில வாங்கினது அப்பா.

ஒயில் குறைஞ்சுதான் போன தரம் இறுகினதெண்டு அப்பாவுக்குச் சொல்லியிருக்கு. அப்ப கூட ஊத்தவேணும். பைக் நிப்பாட்டிற இடத்தில ஒரு கான் நிக்குது. நான் கொண்டந்து வச்ச கான். அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க நான் மறந்தே போனன். தம்பி, அதுதான் சித்தப்பா, தனக்கெண்டு கொண்டந்து வச்சவனாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் அதில இருந்து இரட்டிப்பாக் கலந்து ஊத்தியிருக்கு. நாள் முழுக்கக் கடலில ஓடுற எஞ்சினுக்கு ஊத்திறது, இதுக்குப் போதாதோ எண்ட நம்பிக்கை. எங்கட ஆக்களுக்கு கடலுக்குப் போற சாமான் எண்டால் அதுக்கு மேல ஒண்டும் இல்லை.

ரெண்டு கிழமை கூட இல்லை. வேலணைச் சந்திக்கு அங்கால இருந்து அப்பான்ர கோல் வந்தது. நான் ஓட்டோ பிடிச்சுப் போனன். அப்பா மதகில இருந்தார். பெட்டி திறந்து கிடந்தது, பழுதாகிறதுக்கு முதல் றோட்டால போற ஆக்களுக்கு மீனைச் சும்மா குடுத்துக்கொண்டிருந்தார். பைக் பக்கத்தில நிண்டது. கிக்கரை மிதிச்சுப் பாத்தன், அசையேல்லை.

"இந்த முறை ஒயில் குறைக்கேல்லை பிள்ளை," எண்டவர், எனக்குக் கணக்குக் காட்டிற மாதிரி. "தம்பின்ர நல்ல ஒயில். டபிளாத்தான் ஊத்தினனான்."

அப்பதான் எனக்கு விளங்கினது. நிண்ட நிலையில எல்லாத்தையும் கொட்டினன். ஞாயிற்றுக்கிழமை, கான், கராஜ் அண்ணை, எல்லாம். அப்பா கேட்டுக்கொண்டே கடைசி மீனை ஒரு கிழவருக்குச் சுத்திக் குடுத்தவர். கையைத் துடைச்சவர்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் அந்தக் கானைத் தொட்டிருப்பனே?"

ஏசினால் நல்லா இருந்திருக்கும்.

வெறும் பெட்டியை மூடிக்கொண்டு, "கொம்மாட்டச் சொல்லாத," எண்டவர்.

இண்டைக்குப் பின்னேரம் அப்பா சித்தப்பான்ர போட்டில போனவர். தோளைச் சுத்தி பழைய சாரத்துண்டால அம்மா கட்டிவிட்டவ, பைக் ஏன் இறுகினதெண்டு அவவுக்கு இன்னும் தெரியாது. கானைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். சித்தப்பா, "பிள்ளை, ஒயிலைக் கலந்து விடு" எண்டவர். அளந்து கலந்தன். இந்த எஞ்சினுக்கு இந்த ஒயில்தான், பிழையே இல்லை. முதல் இழுவையிலயே ஸ்ராட் வந்தது. அப்பா வலது கையால நங்கூரக் கயித்தை இழுத்தவர். ஒரு கை போதாமல் போக, மெதுவா இடது கையும் கயித்துக்குப் போனது.

நான் இன்னும் கரையில குந்தியிருந்துதான் இதை ரைப் பண்ணுறன். கையெல்லாம் ஒயில், ஸ்கிறீன் வழுக்குது. பைக் குறூப்பில திரும்பவும் பிஸ்டன் கேட்டுப் போட்டிருக்கிறன். இவ்வளவு நேரத்துக்கும் ஒரே ஒரு கொமென்ட். ஆரோ ஒரு பொடியன் சிரிப்புப் படம் போட்டு எழுதியிருக்கிறான், "அக்கா, அதின்ர தாய் செத்து எவ்வளவு காலம்!"