மூன்றாவது முறை வேண்டாம் என்றால்

அந்தத் தொலைக்காட்சி, இணைய நிறுவனத்தில் அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டே பிறந்தவர்; பிறந்த அன்றே தொட்டிலை விட்டு இறங்கி, நர்சின் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார் என்று அவருடைய அக்கா சத்தியம் செய்வாள். அதில் பாதியை நான் நம்புகிறேன். தொட்டிலை விட்டு இறங்கியது உண்மை. மேசையைச் சுற்றியது அக்காவின் கைச்சரக்கு.

ஆனால் தரைவிரிப்பு விஷயம் கைச்சரக்கு இல்லை. ஐந்தாம் மாடியில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல்வரை ஒரு ஒற்றையடிப் பாதை தேய்ந்து கிடந்தது. தொலைபேசியில் பேசும்போது அவரால் உட்கார முடியாது. நான்காம் மாடிக் கணக்கர், மேலே நடப்பவரின் காலுறை நிறம் தமக்குக் கூரை வழியே தெரிகிறது என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தார். நிர்வாகம் தரையைச் செப்பனிடவில்லை; சக்கரத்துக்கு வயர் நீளமான ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தது. அவ்வளவு வேண்டப்பட்ட ஆள்.

அவர் வேலை, போகிறேன் என்பவர்களைப் போகவிடாமல் நிறுத்துவது. இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஆத்திரத்தோடு கூப்பிடுபவர்கள் அவர் குரலைக் கேட்டதும் மெழுகாக உருகிவிடுவார்கள். ஒரு பல் மருத்துவர், பேச்சு முடிந்தபோது இரண்டாவது தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இணைப்பு வாங்கியிருந்தார். அந்தப் பெட்டியையே அதற்குப் பிறகுதான் வாங்கினாராம்.

அந்த வேலைக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. வாடிக்கையாளர் முதல் முறை வேண்டாம் என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டாவது முறை சொன்னால் விளையாட்டுச் சேனல்களை மூன்று மாதம் இலவசமாகத் தர வேண்டும். மூன்றாவது முறையும் சொன்னால்தான் திரையில் ஒரு பச்சைக் கட்டம் எரியும். அதை அமுக்கினால் பழைய விலையே தொடரும். அந்த மூன்றையும் எண்ணுவது மனிதர் இல்லை, பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கணினி. ஏமாற்ற முடியாது. 'இன்னொரு தடவை வேண்டாம்னு சொல்லுங்க' என்று வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுத்தால் வேலை போய்விடும்.

பெரும்பாலோர் இரண்டாவது முறையிலேயே சரி என்றுவிடுவார்கள். அந்தச் 'சரி'யில்தான் நிறுவனம் ஏழு மாடி கட்டியது.

ஒன்பது மாதம் முன்பு புதிய ஒப்பந்தம் வந்தபோது ஊழியர்களையெல்லாம் கூட்டி, இரண்டு வருஷம், ஒரே விலை என்று சொன்னார்கள். சக்கரம் அதை அப்படியே அக்காவிடம் சொன்னார். ஒப்பந்தத்தில் பதினான்கு பக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விலை ஏற்றலாம் என்ற வரி பதினான்காம் பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் பக்கத்தையாவது அவர் படித்தாரா என்று கேட்காதீர்கள். பதினேழு வருஷமாக ஒப்பந்தம்தான் விற்கிறார். விற்கிறவர் எங்கே படிப்பார்?

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறாள். ஒரு கால்புள்ளி இடம் மாறினால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் தம்பி சொன்னான் என்பதற்காக ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டாள். அதோடு விட்டாளா? அவள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, என் தம்பி சொன்னால் சொன்னதுதான் என்று பதினொரு வீடுகளைச் சேர்த்துவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் பன்னிரண்டு வீடுகளுக்கும் கடிதம் வந்தது. விலை ஏறுகிறது; பிடிக்காதவர்கள் முப்பது நாளுக்குள் அபராதமின்றி விலகலாம்.

அன்று முதல் அக்கா படிக்கட்டில் இறங்குவதற்கு முன் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டாம் மாடி முடிதிருத்துபவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்தார். அது போதாதா?

முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. புதன் மாலை சக்கரம் அக்கா வீட்டுக்குப் போனார். மூன்று முறை சொல்லும் சூட்சுமத்தை, அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் சொல்லாத ரகசியத்தை, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். உடனே பதினொரு வீட்டுக்கும் சொல்லிவிடு என்றதற்கு மட்டும் தலையாட்டவில்லை. கேள்விப்பட்டதைச் சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்தேன், முதலில் நான் செய்து பார்க்கிறேன், பலித்தால் சொல்கிறேன் என்றாள்.

சரி, ஒத்திகை பார்க்கலாம் என்று சக்கரம் ஜன்னலோரம் போய் நின்று, அலுவலகக் குரலில் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனசார வருந்துறேம்மா."

"பரவாயில்லப்பா, நீ என்ன பண்ணுவ."

"அக்கா, வேண்டாம்னு சொல்லணும்."

"வருந்துறேன்னு சொல்ற மனுஷன்கிட்ட எப்படிடா வேண்டாம்னு சொல்றது?"

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அக்காவின் கணவர் செய்தித்தாளை இறக்கினார். "மச்சான், இவ வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சவளா இருந்தா என்னைக் கட்டியிருப்பாளா?"

நாலு தடவை முயன்றும் அக்கா முதல் மன்னிப்பைத் தாண்டவில்லை. கடைசியில் சக்கரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் போ என்று கடுகடுத்தார். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லித் தள்ளினாள். எல்லோருக்கும் பரம திருப்தி. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மற்றவர்கள் தேநீருக்குப் போய்விடுவார்கள், அப்போது கூப்பிட்டால் தம்பியிடமே வந்து விழும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு அக்கா கூப்பிட்டாள். அழைப்பும் சொன்னபடி தம்பியிடமே வந்து விழுந்தது. கூடவே மேற்பார்வையாளரும் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு நல்ல உரையாடல் வேண்டும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று புகழ்ந்தார்.

கடுகடுக்க வழியில்லை. சக்கரம் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தபடி வாயைத் திறந்தார். பதினேழு வருஷப் பழக்கம், தேன் தானாக வழிந்தது. மன்னிப்புக் கேட்டார். அக்கா திணறித் திணறி, "வேண்டாம்" என்றாள். திரையில் ஒன்று என்று விழுந்தது. மூன்று மாத விளையாட்டுச் சேனல்களை எடுத்து வைத்தார். அதையும் எவ்வளவு பரிவோடு! தன் வீட்டுச் சோற்றில் பாதியைப் பிரித்துக் கொடுப்பவர்போல. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிங்க தம்பி. நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க. புது விலையே போட்டுக்கங்க."

மேற்பார்வையாளர் ஓசைப்படாமல் கைதட்டினார்.

அதன்பின் சக்கரம் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. ஜன்னல், தண்ணீர்க் குழாய், படிக்கட்டு, மறுபடி ஜன்னல். அலுவலகத்துக்குள் கைப்பேசி கூடாது. ஆறு மணிவரை அது கீழ்த்தளப் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும். மேசைத் தொலைபேசியில் மூச்சு விட்டாலும் பதிவாகும். மாலை ஆறு மணியோடு கெடுவும் முடிகிறது. அதற்குள் சொன்னால், ஒப்புக்கொண்டவர்கள்கூட அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆறு அடித்தால் பன்னிரண்டு வீடும் கட்டுப்பட்டவை.

மூன்று மணிக்குத் திரையில் அக்காவின் கட்டடத்து முகவரி ஒன்று தெரிந்தது. ஒப்புதல். பத்து நிமிடத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. சக்கரத்துக்குப் புரிந்துவிட்டது. சூட்சுமம் பலிக்கவில்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார்கள், மூன்று மாத இலவசத்தையாவது வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள் என்று அக்கா கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது மாதம் முன்பு அவரை நம்பி ஏறிய அதே படியில், இப்போது தோற்ற முகத்தோடு ஏறுகிறாள்.

அவர் மேசைத் தொலைபேசியை எடுத்தார். நாலைந்து முறை மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, எத்தனை வீடு முடிச்ச?"

"மூணு. நாலாவது வீட்டுக்குப் போயிட்டிருக்கேன். எனக்குச் சாமர்த்தியம் இல்லடா. அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோச்சு."

"அது ஏமாத்துற குரல்க்கா. அதை நம்பாத. நீ ரெண்டாவதுலயே சரின்னுட்ட. மூணாவது தடவையும் வேண்டாம்னு சொன்னா பழைய விலை வரும். பதினோரு வீட்டுக்கும் போய்ச் சொல்லு. ஆறு மணிக்குள்ள எல்லாரும் கூப்பிடணும்."

 மெய்ப்புத் திருத்துகிறவள் அல்லவா, இல்லாத இடத்திலும் எழுத்தைப் படித்துவிடுவாள்.

"இது ஆபீஸ் ஃபோன்தான?"

"ஆமா."

"பதிவாகுதா?"

"ஆகுது. நீ முதல்ல உன்னோடதைச் சொல்லு. இப்பவே, என்கிட்டயே."

"நான் வேண்டாம்னா உன் வேலை?"

"அக்கா, சொல்லு."

அவள் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே நெடுநேரம் எடுத்துக்கொண்டு, மூன்று முறை. பச்சைக் கட்டம் எரிந்தது. அமுக்கினார்.

அதற்குப் பிறகு அலுவலகக் கூடத்தில் நடந்ததை ஐந்தாம் மாடிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். நாலரையிலிருந்து அழைப்புகள் கொட்டின. முடிதிருத்துபவர், வணக்கம் சொல்வதற்குள்ளேயே மூன்று 'வேண்டாம்'களையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். கணினி அதை ஒன்று என்று எண்ணிவிட, மறுபடி முதலிலிருந்து வந்தார். ஒரு வீட்டில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பது முறை சொன்னார்கள். விஷயம் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவி, அங்கிருந்து தெருவைத் தாண்டியது. ஆறு மணிக்குள் நானூறு பேர் என்று ஒரு கணக்கு. நான் நூறைத் தள்ளிவிட்டு முந்நூறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வீடுகளுக்கும் பழைய விலை நிலைத்தது.

திங்கட்கிழமை காலை, கைப்பேசியைப் பெட்டகத்தில் வைப்பதற்கு முன்பே சக்கரத்தை ஏழாம் மாடிக்கு அழைத்து, பதிவைப் போட்டுக் காட்டினார்கள். மேற்பார்வையாளர் தலை நிமிரவே இல்லை. இது உங்கள் குரல்தானா என்று கேட்டார்கள். இவ்வளவு காலம் பேசியதில் இதுதான் என் குரல் என்றாராம். இதை அவரே சொன்னது. ஆமாம் என்று மட்டும்தான் சொல்லியிருப்பார் என்பது என் கட்சி. பதினேழு வருஷத்தை ஒரு உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினார். பாதி வழியில் கைப்பேசி அடித்தது. அக்கா.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்டாள். போயிற்று என்றார். அவள் அழுதாள், திட்டினாள், இனிமேல் நம் வீட்டில்தான் சாப்பாடு என்றாள். அப்புறம் தயங்கினாள். படியில் எதிரே வந்த முடிதிருத்துபவர் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டாராம். போட்டுவிட்டு, அடுத்த வருஷமும் ஏற்றுவார்களா, உங்கள் தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம்.

"என்ன சொல்லட்டும்?"

சக்கரம் இரண்டு இரண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். 

"நீ ஒண்ணும் சொல்லாதக்கா. பதினாலு பக்கத்தையும் எடுத்து மேசைமேல வை. நான் வந்து உன்கூட உக்காந்து படிக்கிறேன். படிச்சிட்டு, நானே ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்றேன்."

"நீ உக்காந்து படிப்பியா?"

"நடந்துகிட்டே படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.