பத்திரிகை ஆபீசுக்குப் போன சீர்

சின்னண்ணன் தும்மினால் டெல்லியில் பேப்பர் அச்சடிக்கிற மிஷின் நின்றுவிடும். அவர் ‘ம்’ என்று தலையாட்டினால்தான் மறுபடி ஓடும். சங்ககிரியில் ஒரு சின்ன லாரி சங்கத்துச் செயலாளருக்கு அப்படியொரு செல்வாக்கு.

அந்தச் செல்வாக்குக்குப் பேர் அறிவுமதி. சேலத்தில் ஒரு பத்திரிகையின் நிருபர். டீசல் விலையோ, டோல்கேட் தகராறோ, அவளுடைய முதல் போன் இவருக்குத்தான். தெரியாததைத் தெரியாதென்பார். தப்பு சங்கத்து லாரி மேலேயே என்றாலும் மறைக்க மாட்டார். அப்படியும் அவள், “சரிங்ணா, இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்கறனுங்க” என்றுதான் வைப்பாள். அந்த ‘ண்ணா’வில்தான் மனுசன் கவிழ்ந்தார். கூடப்பிறந்தவள் இல்லாதவர்.

அவளுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்ததும் தாம்பாளத்தில் பட்டுச்சேலை, தேங்காய், பழம், வெல்லம் வைத்து, மேளம் முன்னால் முழங்க, நேரே பத்திரிகை ஆபீசுக்குள் நுழைந்து ஆசிரியர் மேசைமேல் இறக்கினார்.

“என்னுங்ணா இது?”

“அண்ணன் சீர், சாமி.”

“உங்க சங்கத்தப் பத்தி எழுதறவ நானு. இத வாங்கினா நாளைக்கு என் எழுத்த யாருங்க நம்புவாங்க?”

போன ஆட்டோவிலேயே சேலை திரும்பியது. லாரிச் செய்திகளை ஆசிரியர் வேறொருவருக்கு மாற்றிவிட்டார். புது நிருபர் நல்ல மனுசன்தான். ‘சார்’ என்பார்.

இப்போதும் டோல்கேட்டில் சத்தம் கேட்டால் சின்னண்ணனின் விரல் பழைய நம்பருக்குத்தான் போகும். கூப்பிட்டால் அவளுக்குக் கெட்ட பேராகுமோ என்று திரும்பிவிடும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவள் எழுதுவதை டீக்கடையில் சத்தமாகப் படிப்பார். ‘எங்க புள்ள எழுதுனது’ என்பது நாக்கு நுனிவரை வரும். டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவார். சேலை பீரோவில் இருக்கிறது.

இதுவரை நான் எழுதியதைச் சின்னண்ணனிடமே படித்துக் காட்டியபோது, டெல்லி மிஷினுக்குச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“மேளம் எங்கடா வந்துச்சு? நானும் ஆட்டோக்காரனுந்தான போனோம்?”

“சும்மா சேத்துக்கிட்டனுங்க.”

“அந்தப் புள்ளகிட்டக் கேட்டியா?”

“இல்லீங்க.”

“ஒருத்தன் சொன்னத வெச்சே எழுதிப்போட்டியாக்கும்? இன்னொருத்தர்கிட்டயும் கேக்கோணும், சாமி.”

போனை நீட்டினார். நம்பர் ஏற்கெனவே போட்டிருந்தது.

“கேளு. நான் பக்கத்துல இருக்கறேன்னு மட்டும் சொல்லிப்போடாத.”