பேசினுக்குள் என் கை

அந்த ரோஸ் நிற பிளாஸ்டிக் பேசினை நினைத்தால் இப்போதும் என் வலது உள்ளங்கை கூசுகிறது. மீன் கழுவும் சாதாரணப் பேசின்தான். ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் அறையில், வெதுவெதுப்பான தண்ணீரோடு அதை என் முன்னால் வைத்தபோது, "என்னக்கா, என் கையைக் குழம்பு வைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். ஸ்கேன் அக்கா சிரிக்கவில்லை.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சரக்கு அடுக்கும் மரப் பேலட்டைத் தூக்கியபோது கையில் சுருக்கென்றது. வாரக்கணக்கில் வீக்கம் வடியவில்லை. எக்ஸ்ரேயிலோ ஒன்றும் இல்லை. பத்து வருடமாக எல்லாவற்றையும் கேலி செய்தவன் ஒருநாள் வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? வேலையிடத்தில் எனக்குக் காயமே படவில்லை என்று எழுதிய தாளைச் சூப்பர்வைசர் நீட்டினார். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போகும். "பேனா பிடிக்க முடியல அண்ணே, ஸ்கேன் பார்த்துட்டு வந்து போடுறேன்," என்றேன். மனிதர் தாளோடு கூடவே வந்துவிட்டார்.

"எக்ஸ்ரே கிளியர்லா, மேடம். இவன் நல்லா நடிப்பான். ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுங்க."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, வலிக்கிற இடத்தை ஒரே விரலால காட்டுங்க," என்று சொல்லி, அங்கே பேனாவால் வட்டமிட்டார். வீங்கிய தோலில் கருவியை அழுத்தினால் உயிர் போகும். கையைத் தண்ணீருக்குள் வைத்தால் தொடாமலே பார்க்கலாமாம். திரையில் சாம்பல் மூட்டத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு, அதைச் சுற்றிக் கறுப்பாக, வீக்கத்தில் கோத்த நீர். அக்கா திரையைச் சூப்பர்வைசர் பக்கம் திருப்பினார்.

"மரச்சிராய், சார். மரம் எக்ஸ்ரேயில தெரியாது, இதுல தெரியும். நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். வேற மாதிரி வேணும்னா நீங்களே உக்காந்து ஸ்கேன் பண்ணுங்க."

நான் சொன்னது உண்மை என்று வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் எழுத்துச் சான்று அந்த அறிக்கை. கையெழுத்துப் போடவென்று நான் வாங்கிய சூப்பர்வைசரின் தாள் பேசினில் விழுந்து ஊறிப்போனது. கை தவறிவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன். சிராயை எடுத்துவிட்டார்கள். வேலையும் போகவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். இன்று காலை, எங்கள் தொழிற்சாலையின் நேப்பாளத் தொழிலாளி ஒருவரோடு அதே மருத்துவமனைக்குப் போக ஃபெர்ரியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கை வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரே கிளியர், அவரிடமும் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். என் மடியில் புத்தம் புது ரோஸ் பேசின். "மீன் வாங்கவா, அண்ணே?" என்கிறார் எதிரே இருக்கும் பெண். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். அந்த அறையில் இப்போது பேசின் இருக்கிறதோ இல்லையோ, நாங்கள் கொண்டுபோகிறோம். கையெழுத்து மட்டும் போடாதே என்று பக்கத்தில் இருக்கும் தொழிலாளியிடம் சொல்லிவிட்டேன். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.