பிரேக் டீச்சரின் மஞ்சள் வண்டி

அக்காவை எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் பிரேக் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வாழ்நாளில் பாதியைக் கழித்தவள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும். அங்கேதான் அவள் உட்கார்ந்திருப்பாள். எதிரே லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்ட வக்கீல்கள், பல் டாக்டர்கள், புதுமாப்பிள்ளைகள் எல்லோரையும் அவள் கால்தான் காப்பாற்றியது. கத்தமாட்டாள். வண்டி நின்ற பிறகு, "ம், இப்ப கண்ணைத் திறங்க" என்பாள்.

அந்தக் கால் வீட்டிலும் ஓயாது. அத்தான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தபடி, பிரேக்கே இல்லாத இடத்தில் தரையை அழுத்திக்கொண்டே வருவாள். அத்தானுக்கு அது பிடிக்காது. வீட்டிலாவது டீச்சர் வேலையை விடு என்று எரிந்து விழுவார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளிடம் அவர் ஒரு நாளும் சாவியைக் கொடுத்ததில்லை.

அத்தானின் வண்டிகளைச் சொன்னாலே போதும், அவர் வாழ்க்கை முழுவதும் வந்துவிடும். கல்யாணத்தின்போது தரையோடு தரையாக இருக்கும் இரண்டு கதவு வண்டி. மகன் பிறந்ததும் அதை விற்று, வெள்ளை நிறத்தில் நான்கு கதவு. பதவி உயர்ந்ததும் நீளமான கறுப்பு வண்டி. அதில் நனைந்த குடையோடு ஏறினால் முகத்தைச் சுளிப்பார். அந்த முதல் வண்டியை விற்றதைத் தன் தியாகம் என்று முப்பது வருடம் எல்லா விருந்திலும் சொன்னார். "குடும்பத்துக்காக என் இளமையையே வித்தேன்" என்பார், வாயில் சோற்றோடு. பிரசவத்துக்கு மறுமாதமே அக்கா பயிற்சி வண்டியில் ஏறியது அந்தக் கதையில் வராது.

வேலையை விட்ட மாதம் அக்கா தன் சேமிப்பில் வண்டி வாங்கப் போனாள். நானும் போயிருந்தேன். ஷோரூம்காரன் அவளைப் பார்க்கவேயில்லை. அத்தானைப் பார்த்துப் பேசினான். மேடம் வயசுக்கு உயரமான வண்டிதான் சரி, ஏறி இறங்க முழங்கால் வலிக்காது, பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றான். அத்தான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அக்கா ஓரத்தில் நின்ற ஒரு மஞ்சள் வண்டியைக் காட்டினாள். இரண்டே கதவு, கைக்குள் அடங்குவதுபோல் சின்னது.

"அது காலேஜ் பசங்க வாங்குறது மேடம்" என்றான்.

"அவங்களுக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான். வெளிய எடுங்க."

வண்டியை அத்தான் பெயரில்தான் பதிவு செய்தார்கள். அவருக்கு அதில் ஏதோ வரிச் சலுகை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டப்போவது அவள்தானே.

மறுநாள் காலை என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதற்குள், கீழே இறங்கி நின்றவள் மறுபடி வண்டிக்குள் ஏறிவிட்டாள். போய்ப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்டி முழிக்கிற? ஏறி உக்காரு, கண்ணாடியச் சரி பண்ணு" என்றாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதேக்கா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "கால் பழகின எடத்துக்கே போயிடுச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அன்று எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. மத்தியானம்வரை சும்மா சுற்றினோம். அவள் கால் தரையைத் தேடாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் ஒருவருக்கும் பொறுக்கவில்லை. முப்பதைத் தாண்டிய மகன், என் நண்பர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். சாப்பாட்டு மேசையில் அத்தான், "கிழவிக்கு எதுக்குக் குமரி வேஷம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா எழுந்து தட்டுகளை எடுத்துப் போனாள். அவர்களுடைய தட்டுகளையும் சேர்த்து.

கேலியில் நகராத வண்டியைக் குழந்தையை வைத்து நகர்த்தினார்கள். முதலில் பின்னால் பேரனுக்கென்று ஒரு இருக்கையைக் கட்டினார்கள். அவனைக் காப்பகத்தில் விடுவது அக்காவின் வேலையாயிற்று. ஒரு மாதத்தில் அந்த வண்டி சகிக்க முடியாமல் ஆனது. மடிப்பில் புளித்த பால், பெல்ட்டில் காய்ந்த வாந்தி, கதவு இடுக்கில் ஊறிப்போன பிஸ்கட். ஞாயிறுதோறும் அக்கா பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தேய்ப்பாள். மகன் வந்து எட்டிப் பார்ப்பான், மூக்கைப் பிடித்துக்கொள்வான், போய்விடுவான். குனிந்து குழந்தையை உள்ளே வைத்தால் தனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது என்று பிறகு ஒரு புகார். அக்காவின் முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்துவர நானும் போனேன். வாசலில் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று நின்றது, முகப்பில் பெரிய சிவப்பு ரிப்பனோடு. மகன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சிரிம்மா, சிரிம்மா என்றான்.

"மஞ்சள் எங்கடா?" என்று கேட்டாள் அக்கா.

"எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தாச்சும்மா. இனிமே எல்லாரும் ஒண்ணாப் போலாம்ல."

அவள் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு யாரும் சொல்லாமலே பக்கத்து இருக்கைக்குப் போய் ஏறிக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அத்தானிடம் சொன்னேன். "கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?" என்றார். அந்த ரிப்பன் அப்படியே இருக்க, ஊரெல்லாம் பார்க்கும்படி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு நாள் சிக்னலில் எங்கள் பக்கத்தில் அந்த மஞ்சள் வண்டி வந்து நின்றது. பின்பக்கக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள், உள்ளே இடிக்கிற பாட்டு, மீசை அரும்பாத ஒரு பையன். அக்கா கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தாள்.

"கிளட்ச்சைப் பாதியிலயே வெச்சிருக்கான். எரிஞ்சுபோயிடும்" என்றாள்.

"யாரு அவன்? தெரிஞ்ச பையனா?" என்று கேட்டார் அத்தான்.

வண்டி அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சை விழுந்தது. அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அதன்பிறகு அவள் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

நேற்று சந்தையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அத்தான் அந்த ஏழு பேர் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னார். இதற்குள்ளும் அதே புளித்த பால் வாசனை. இப்போது அதன்மேல் அவருடைய சென்ட். தலைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். காதோரத்தில் தோலிலும் கறுப்பு ஒட்டியிருந்தது. நல்ல சேதி ஒன்று இருக்கிறது என்றார். புது வண்டிக்குச் சொல்லிவிட்டாராம். இரண்டு கதவு. மகனே கூடவந்து நிறம் பார்த்தானாம். இந்த வண்டியில் அப்பா இருபது வயது குறைந்து தெரிவார் என்றானாம்.

"இனிமே நான் ஒருத்தன்தானேம்மா. எனக்கு எதுக்கு ஏழு சீட்டு? அந்தக் காலத்துல உங்கக்காவுக்காக விட்டுக்குடுத்தேன். இப்பவாவது ஆசைப்பட்டதை ஓட்டிட்டுப் போறேன்."

நான் குனிந்துகொண்டேன். என் காலடியில் ரப்பர் மேட் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஒரு குதிகால் அளவுப் பள்ளம். அதன் முன்னால், பாதம் அழுத்திய இடத்தில் வரிகள் எல்லாம் மழமழவென்று ஆகியிருந்தன.

அவரும் அதைப் பார்த்தார்.

"ஆமா, இதை மாத்திட்டுத்தான் விக்கணும். பாக்கவே அசிங்கமா இருக்கு" என்றார்.

"வண்டியை நிறுத்துங்க."

"இங்கயா? வீடு இன்னும் வரலையே."

"நிறுத்துங்க அத்தான்."

ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கி, மேட்டை இழுத்து வெளியே எடுத்தேன். அடியில் பிஸ்கட் தூளும் மண்ணும் அப்பியிருந்தன. சாலையோரத்தில் உதறினேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்கறிப் பையை மறு கையில் எடுத்துக்கொண்டேன்.

"இந்தக் குப்பையை எங்கம்மா தூக்கிட்டுப் போற?"

நடக்க ஆரம்பித்தேன்.

"கதவைச் சாத்திட்டாவது போம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அது அவருக்கு எட்டாத பக்கத்துக் கதவு. இறங்கிச் சுற்றிவந்துதான் சாத்தவேண்டும். நான் திரும்பவில்லை.